பேர்ட்ஸ்வில் பாதையிலே

ஆஸ்திரேலியா என்றதும் நம்மவர் மனத்தில் கிரிக்கெட் மைதானமும் கங்காருவும் தோன்றும். இன்னும் சற்று விவரம் அறிந்தவர்கள் சிட்னி துறைமுகத்தையும் மெல்போர்ன் நகரத்தையும் நினைப்பார்கள். அதில் பிழையில்லை. அந்தக் கண்டத்து ஜனங்களில் மிகப் பெரும்பாலோர் கடற்கரையை ஒட்டிய நகரங்களிலேயே வசிக்கிறார்கள். ஆனால் கரையை விட்டு உள்ளே செல்லச் செல்ல, வீடுகள் குறைந்து, மரங்கள் குறைந்து, முடிவில் தாரும் நின்றுபோய், செம்மண் ஒன்றே மிஞ்சும் பெருநிலம் ஒன்று இருக்கிறது. அந்நிலத்தின் ஊடே செல்லும் பாதைகளில் பெயர் பெற்றது பேர்ட்ஸ்வில் பாதை.

அந்தப் பாதையை நேயர்களுக்கு அறிமுகம் செய்துவைக்க விரும்புவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. தார் காணாத அச்சாலையில் மோட்டார் வண்டி செலுத்துவது எத்தகைய அனுபவம் என்பது ஒன்று. கடல் கடந்து சென்ற ஹிந்துஸ்தானத்து மக்களின் காலடி அங்கே படிந்திருக்கிறது என்பது மற்றொன்று. முதற் காரணத்தை எண்ணித்தான் நாங்கள் புறப்பட்டோம்; இரண்டாவதை வழியிலேதான் தெரிந்துகொண்டோம்.

தெற்கு ஆஸ்திரேலிய மாகாணத்தில் மாரீ என்று ஒரு சிற்றூர். அங்கிருந்து வடக்கே குவீன்ஸ்லாந்து மாகாண எல்லையைத் தாண்டியவுடன் இருக்கும் பேர்ட்ஸ்வில் வரையில் பாதையின் நீளம் 517 கிலோமீட்டர். பழைய கணக்கில் சுமார் 320 மைல். இவ்வளவு தூரத்திற்கும் இடையில் பெட்ரோல் கிடைக்கும் இடம் முங்கரானி விடுதி ஒன்றுதான். பாதையின் இரு புறத்திலும் பாலைவனங்கள்: திராரி, ஸ்ட்ரெஸெலெக்கி, சிம்ப்ஸன், ஸ்டர்ட் கல் பாலைவனம். ஆண்டு முழுவதும் சேர்ந்து பெய்யும் மழை ஏழு அங்குலம்கூட இராது. இதுதான் நாங்கள் செல்லவிருந்த சாலையின் ஜாதகம்.

புறப்பாடு

அடிலெய்டு நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் எங்கள் தம்பி, பத்து நாள் லீவு எடுத்துக்கொண்டு வண்டி ஓட்டச் சம்மதித்தான். நாங்கள் தம்பதிகள் இருவரும் அவனுடன் கிளம்பினோம். ஆகஸ்டு மாதம், அங்கே அது குளிர்காலம். கோடையில் வெயில் 45 டிகிரி சென்டிகிரேடையும் தாண்டும் பிரதேசமாதலால், அறிந்தவர்கள் குளிர்காலத்திலேயே அந்தப் பக்கம் செல்வார்கள்.

வண்டி நான்கு சக்கரங்களும் இழுக்கும் வகையைச் சேர்ந்தது. ஸ்டெப்னி இரண்டு. ஒருவருக்கு நாள் ஒன்றுக்குப் பத்து லிட்டர் வீதம் ஒரு வாரத்துக்கு வேண்டிய தண்ணீர். அரிசி, பருப்பு, ரொட்டி, ஊறுகாய். மண்வெட்டி, ஜாக்கி, ஜாக்கி மண்ணில் புதையாதிருக்க ஒரு பலகை, காற்றடிக்கும் பம்பு, ரேடியோ, விண்கோள் வழியே பேசும் டெலிபோன். "ஏதோ படையெடுப்புக்குப் போகிறாற்போல் இருக்கிறதே!" என்று நாங்கள் சிரித்தோம். தம்பி சிரிக்கவில்லை. "அத்தான், இதில் ஒன்று குறைந்தாலும் அங்கே வாங்கக் கடை கிடையாது" என்றான்.

மாரீயில் தார் சாலை முடிகிறது. ஊரின் முனையில் பெரிய அறிவிப்புப் பலகை ஒன்று நிற்கிறது. எந்தப் பாதை திறந்திருக்கிறது, எது மூடப்பட்டிருக்கிறது என்பதை அதில் காணலாம். மூடப்பட்ட பாதையில் வண்டியை விடுவது சட்டப்படி குற்றம். பிரயாணியின் உயிரைக் காப்பதற்கு மட்டும் ஏற்பட்ட விதியல்ல அது. ஈர மண்ணில் ஒரு வண்டி போனால், அதன் சக்கரத் தடம் காய்ந்து இறுகி, பின்னால் வரும் நூறு வண்டிகளுக்குத் தொல்லையாக முடியும்.

அங்கே தம்பி நான்கு டயர்களிலும் காற்றைக் கொஞ்சம் இறக்கினான். காற்று நிறைந்த டயர் கல்லோடு மோதும். காற்று குறைந்த டயர் கல்லை அணைத்துக்கொண்டு போகும். ஆனால் காற்றை இறக்கியபின் வேகமாகப் போகக் கூடாது. டயர் சூடேறி வெடித்துவிடும். இந்த விதியின் முற்பாதியை நாங்கள் நன்றாகக் கடைப்பிடித்தோம். பிற்பாதியைப் பற்றிப் பின்னர் சொல்லுகிறோம்.

அவன் காற்று இறக்கிக்கொண்டிருந்தபோது நாங்கள் ஊரைச் சுற்றிப் பார்த்தோம். பழைய ரயில் நிலையத்துக்கு அருகில், மரக்கொம்புகளை நட்டு, ஓலையும் புல்லும் வேய்ந்த, சுவரில்லாத சிறிய கொட்டகை ஒன்று தென்பட்டது. அது மசூதியின் மாதிரி என்று ஒரு பலகை சொல்லிற்று. பக்கத்தில் பேரீச்ச மரங்கள். ஆஸ்திரேலியாவின் நடுவே மசூதிக்கும் பேரீச்சைக்கும் என்ன வேலை என்று வியந்தோம். அதற்குள் தம்பி ஹாரன் அடித்தான்.

நெளி தகரச் சாலை

தொடக்கத்தில் பாதை அகலமாகவும் ஓரளவு மட்டமாகவும் இருக்கிறது. சாலையைச் செதுக்கி மட்டம் செய்யும் கிரேடர் இயந்திரங்கள் அவ்வப்போது வந்து போகின்றன. மாரீயிலிருந்து சிறிது தூரத்தில் உயரமான கம்பி வேலி ஒன்று குறுக்கிடுகிறது. டிங்கோ என்னும் காட்டு நாய் தெற்கே உள்ள ஆட்டு மந்தைகளிடம் வராமல் தடுப்பதற்காகக் கட்டிய வேலி; அதன் மொத்த நீளம் 5,600 கிலோமீட்டர். வேலிக்குத் தெற்கே ஆடு, வடக்கே மாடு என்பது அந்நாட்டு ஏற்பாடு.

வேலியைத் தாண்டியபின் சாலையின் சுபாவம் மாறிற்று. நெளி தகரத்தை மைல் கணக்கில் விரித்துவைத்தாற்போல, மண் முழுவதும் குறுக்கே அலை அலையாய் மடிந்து கிடந்தது. வண்டி நடுங்கியது, கதவுகள் நடுங்கின, பேசினால் சொற்களும் நடுங்கின. ஊறுகாய் ஜாடியின் மூடி தானே கழன்றுகொண்டது.

சாலை போட்டவர்களின் குற்றம் இது என்று நாங்கள் நினைத்தோம். அப்படியல்லவாம். சக்கரம் ஒரு சிறு மேட்டில் ஏறித் துள்ளுகிறது. துள்ளிய சக்கரம் கீழே இறங்கும் இடத்தில் மண்ணை இடித்துக் குழி பறிக்கிறது. குழியிலிருந்து ஏறி மறுபடி துள்ளுகிறது. அடுத்து வரும் வண்டியும் அதே இடங்களில் துள்ளிக் குழிகளை ஆழமாக்குகிறது. மணல் தட்டின்மேல் சக்கரத்தைச் சுற்றவிட்டுச் சோதனை செய்து பார்த்திருக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே ஓடினால் அலை உண்டாவதேயில்லை. அந்த வேகத்தைத் தாண்டினால் எப்பேர்ப்பட்ட மட்டமான மணலிலும் அலை எழுந்தே தீருகிறது. ஆகவே இவை மனிதனுடைய அவசரம் மண்ணின்மேல் எழுதிவைக்கும் எழுத்து.

இதற்குச் சாரதிகள் ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருக்கிறார்கள். வேகத்தை மணிக்கு எண்பது கிலோமீட்டர் அளவுக்கு உயர்த்தினால் சக்கரம் பள்ளத்தில் இறங்காமல் மேடுகளின் தலையை மட்டும் தொட்டுக்கொண்டு பறக்கும். நடுக்கம் பெரும்பாலும் நின்றுவிடும். தம்பி அப்படியே செய்தான். "அடடா, இப்போதுதான் சுகம்!" என்று நாங்கள் சாய்ந்து உட்கார்ந்தோம். ஆனால் மேட்டின் தலையை மட்டும் தொடும் சக்கரத்துக்கு மண்ணில் பாதிப் பிடிப்புத்தான் உண்டு. வளைவு ஒன்று வந்தது. தம்பி சக்கரத்தைத் திருப்பினான். வண்டி திரும்பாமல் பக்கவாட்டில் வழுக்கிச் சென்று, சாலையோர மண் வரப்பில் ஏறி, ஒரு புறம் சாய்ந்து, பிறகு தன் நான்கு கால்களில் நின்றது. யாரும் ஒன்றும் பேசவில்லை. சுற்றிலும் எழுந்த புழுதி அடங்கச் சில நிமிஷங்கள் ஆயின. அதன்பின் மணிக்கு ஐம்பதுக்கு மேல் போவதில்லை என்று மூவரும் தீர்மானம் செய்துகொண்டோம்.

புழுதி என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். சில இடங்களில் செம்மண் அரைத்த மாவைப் போலப் பொடியாகி, பெரிய குழிகளை வாய்வரை நிரப்பிக்கொண்டிருக்கிறது. மேலே பார்த்தால் சமதளம். சக்கரம் இறங்கினால் முழங்கால் ஆழம். எதிரே மாடு ஏற்றிய லாரி வந்தாலோ, அதைவிடப் பெரிய சோதனை. ஒரு லாரிக்குப் பின்னே மூன்று பெட்டிகளைத் தொடுத்து, ஐம்பது மீட்டருக்கு மேற்பட்ட நீளத்தில் வரும் அதைச் 'சாலை ரயில்' என்றே அழைக்கிறார்கள். அது வருவதைத் தொலைவில் எழும் செம்புகை அறிவிக்கும். உடனே ஓரமாக ஒதுங்கி நின்றுவிட வேண்டும். அது கடந்தபின் சிறிது நேரத்துக்குத் தன் வண்டியின் முன்பக்கம்கூடத் தனக்குத் தெரியாது.

தெளிந்த வானத்தின் கீழே வெள்ளம்

முங்கரானிக்குத் தெற்கே கூப்பர் ஆற்றின் படுகையைக் கடந்தோம். ஆறு என்று பெயரே தவிர, நாங்கள் கண்டது வெடித்த களிமண்ணும் சில யூகலிப்டஸ் மரங்களுமே. பல வருஷங்களில் இங்கே நீர் எட்டிப் பார்ப்பதேயில்லை. ஆனால் வடகிழக்கே நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் குவீன்ஸ்லாந்தில் பெருமழை பெய்துவிட்டால், அந்த நீர் வாரக்கணக்காகச் சமவெளியில் ஊர்ந்து வந்து, இங்கே மேகமே இல்லாத நீல வானத்தின் கீழே பல கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவி நிற்கும். பிறகு கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த அயர் ஏரியை நோக்கிச் செல்லும். அப்படிப்பட்ட காலங்களில் பாதை மாதக்கணக்கில் அறுந்துவிடுகிறது. சற்று விலகி ஒரு தடம் அமைத்து, வண்டிகளை மிதவையில் ஏற்றி அக்கரை சேர்க்கிறார்கள். 1949-இல் வந்த வெள்ளத்தின்போது உபயோகித்த படகு ஒன்று, நீரில்லாத அந்தக் கரையில் இன்றும் ஞாபகச் சின்னமாக இருக்கிறது.

1844-இல் சார்லஸ் ஸ்டர்ட் என்னும் ஆங்கிலேயர் உள்நாட்டில் கடல் இருக்கும் என்று நம்பி, படகு ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு பாலைவனத்துக்குள் புறப்பட்டார். கடலைக் காணாமல் கல்லைக் கண்டு திரும்பினார். படகு வேண்டும் என்று எண்ணியதில் அவர் தவறவில்லை. நூறு வருஷம் முன்னால் வந்துவிட்டார், அவ்வளவே!

கூப்பருக்கு வடக்கே நட்டரானி மணல்மேடுகள். இன்று கிரேடர்கள் வழி செய்திருக்கின்றன. முன்னாளில் இந்தப் பாதையிலேயே பயங்கரமான இடம் இதுதான். 1936 முதல் இருபது வருஷத்துக்கு மேலாக டாம் குரூஸ் என்பவர், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாரீயிலிருந்து பேர்ட்ஸ்வில்லுக்குத் தம் பழைய லேலண்டு லாரியில் தபால் கொண்டுபோனார். தபாலுடன் மாவு மூட்டை, மருந்து, பெட்ரோல் பீப்பாய், பிரயாணிகள் எல்லாமும் போகும். மணலில் லாரி புதைந்தால், கையோடு கொண்டுவந்த இரும்புத் தகடுகளைச் சக்கரத்தின் கீழ் இட்டு, லாரியைச் சில அடி நகர்த்தி, பின்னாலிருக்கும் தகட்டை எடுத்து மறுபடி முன்னே இடுவார். இப்படியே மேடு மேடாய்க் கடக்க வேண்டும். ஆற்றில் வெள்ளம் வந்தால் சாமான்களைப் படகில் மாற்றி அக்கரையில் வேறு லாரியில் ஏற்றுவார். 1954-இல் வெளியான ஒரு சினிமாப் படம் இவரை உலகம் அறியச் செய்தது. 2011-இல் காலமானார். வழிநெடுக இருக்கும் மாட்டுப் பண்ணைகளில் வாழ்ந்தவர்களுக்கு உலகத்தோடு இருந்த தொடர்பு அவருடைய லாரிதான்.

கல் பாலைவனத்தில் ஒரு முதியவர்

முங்கரானியில் ஓர் இரவு தங்கினோம். பூமியின் ஆழத்திலிருந்து தானே பீறி வரும் வெந்நீர் அங்கே குளமாய்த் தேங்கி, பறவைகளுக்கு வாசஸ்தலமாய் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே பரந்திருக்கும் பெரிய நீர்த்தேக்கத்தின் ஊற்று இது. 1890-ஆம் ஆண்டையொட்டி மாடு ஓட்டிகளுக்காக இப்பாதை நெடுகிலும் ஆழ்கிணறுகளைத் தோண்டினார்கள். அவற்றில் வரும் நீர் பல இடங்களில் கொதிநீர். மாடுகள் குடிப்பதற்கு முன் அது வெகு தூரம் ஓடி ஆற வேண்டும்.

மறுநாள் ஸ்டர்ட் கல் பாலைவனத்தில் நுழைந்தோம். தொடுவானம் வரையில் செந்நிறக் கூழாங்கற்கள். யாரோ எண்ணெய் தடவி மெருகு ஏற்றினாற்போல் பளபளப்பு. மரமில்லை, நிழலில்லை. அழகு என்றால் பயங்கரமான அழகு. பாதையும் நன்றாக இருந்ததால், எங்கள் தீர்மானம் எங்களை அறியாமலே தளர்ந்து, வேகம் ஐம்பதிலிருந்து எழுபதுக்கு ஏறியது. டயரைப் பற்றிய விதியின் பிற்பாதி அப்போது தன் வேலையைக் காட்டிற்று. பின்சக்கரத்தில் 'பட்' என்று ஓர் ஓசை. இறங்கிப் பார்த்தால் டயரின் பக்கச் சுவர் கிழிந்து தொங்கியது. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு அரை மணி போனோம். மற்றொரு டயரும் கூரான கல்லில் கிழிந்தது. இரண்டாவது ஸ்டெப்னியை எடுத்துப் பார்த்தால் அதில் காற்றே இல்லை. வாடகைக்கு விட்டவர்கள் சரிபார்க்கவில்லை; நாங்களும் பார்க்கவில்லை. பம்பை வைத்து அடிக்க முற்பட்டோம். உள்ளே போன காற்று வால்வின் வழியே சீறி வெளியேறிக்கொண்டே இருந்தது.

அந்த நேரத்தில் நாங்கள் முன்பு படித்திருந்த ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. 1963-ஆம் ஆண்டு டிஸம்பர் மாதம், ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் இந்தப் பாதையில் வழி தவறியது. பெட்ரோல் தீர்ந்தது. அவர்கள் காரை விட்டு நீர் தேடி நடந்தார்கள். ஐவரும் தாகத்தால் மாண்டார்கள். அன்று முதல் இந்தப் பிரதேசத்தின் தலையாய விதி, என்ன நேர்ந்தாலும் வண்டியை விட்டு அகலாதே என்பது. தேடுகிறவர்களின் கண்ணுக்கு நடக்கும் மனிதன் தென்படமாட்டான், வண்டி தென்படும், வண்டி நிழலும் தரும்.

எங்களிடம் தண்ணீர் இருந்தது, டெலிபோன் இருந்தது, ஆகையால் உயிருக்குப் பயமில்லை. ஆனாலும் அந்த மௌனத்தில் அமர்ந்திருந்த இரண்டு மணி நேரம் இரண்டு நாளாய்த் தோன்றிற்று. பிறகு வடக்கே புழுதி எழுந்தது. பழைய வண்டி ஒன்றில் ஒரு முதியவரும் அவர் பேரனும் வந்தார்கள். முதியவர் அந்நாட்டின் ஆதிக்குடிகளைச் சேர்ந்தவர் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. அவர் ஒன்றும் கேளாமலே இறங்கி, ஸ்டெப்னியின் வால்வைக் கழற்றித் தம்மிடமிருந்த ஒன்றை மாற்றி, காற்றடித்து, சக்கரத்தைப் பூட்டிக் கொடுத்தார். எல்லாம் முடிந்தபின்தான் "எந்த ஊர்?" என்று கேட்டார்.

"இந்தியா" என்றோம்.

அவர் முகம் மலர்ந்தது. "என் பாட்டனாரின் தகப்பனாரும் அந்தப் பக்கத்துக்காரர்தாம். பெஷாவரிலிருந்து ஒட்டகத்தோடு வந்தவர். மாரீயில் இருக்கும் பேரீச்ச மரங்களைப் பார்த்தீர்களா?" என்றார்.

பணம் கொடுக்கப் போனோம். அவர் கையை விலக்கிவிட்டு, "எனக்கு வேண்டாம். இதே பாதையில் வேறு யாராவது நிற்பார்கள். அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லி வண்டியில் ஏறினார்.

யாருடைய பாதை?

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டபின், பேர்ட்ஸ்வில் சேர்ந்த அன்றிரவு எங்கள் பேச்செல்லாம் அதைப் பற்றியே இருந்தது. பேர்ட்ஸ்வில்லில் நூறு பேர் அளவில்தான் வசிக்கிறார்கள். 1884-இல் கட்டிய கல் விடுதி ஒன்றும், 1923-இல் பாலைவனத்து நோயாளிகளுக்காக ஆஸ்பத்திரியாய் விளங்கிய பாழடைந்த கட்டடம் ஒன்றும் அங்கே இருக்கின்றன. பூமிக்குள்ளிருந்து வரும் ஊர்க் கிணற்று நீரின் உஷ்ணம் 98 டிகிரி. அந்த ஊரிலும் திரும்பி வரும் வழியிலும் நாங்கள் கேட்டும் படித்தும் அறிந்தது இது:

ஐரோப்பியர் 'கண்டுபிடிப்பதற்கு' எத்தனையோ காலம் முன்பே இது மக்கள் நடந்த வழி. டியரி இனத்தார் தெற்கே மலைகளுக்குச் சென்று செங்காவி கொண்டுவருவார்கள். வடக்கேயிருந்து பிதுரி என்னும் காரமான இலை வரும். எந்தக் குழியில் எந்த மாதம் நீர் நிற்கும் என்பதை அறிந்தவர்கள் அவர்களே. பின்னால் வந்த மாட்டுப் பாதை அந்த நீர்நிலைகளையே தொடர்ந்து சென்றது.

அடுத்து வந்தவர்கள் ஒட்டகக்காரர்கள். 1860-இல் பர்க், வில்ஸ் என்பவர்களின் யாத்திரைக்காகக் கராச்சியிலிருந்து 24 ஒட்டகங்களைக் கப்பலேற்றி மெல்போர்னுக்குக் கொண்டுவந்தார்கள். 1866-இல் நூற்றுக்கு மேற்பட்ட ஒட்டகங்களும் 31 ஆட்களும் தெற்கு ஆஸ்திரேலியாவில் இறங்கினார்கள். பின்னர் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். பலூச்சிஸ்தானம், பஞ்சாப், ஸிந்து, எல்லைப்புறம் என்று பல பிரதேசத்தவர். பெரும்பாலோர் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் பிரஜைகள். அங்கே அனைவருக்கும் ஒரே பெயர், 'ஆப்கானியர்'. 1872-இல் முடிந்த தந்திக் கம்பிக்கு வேண்டிய கம்பங்களையும் சாமான்களையும், பண்ணைகளுக்கு உணவையும், சுரங்கங்களுக்கு இயந்திரங்களையும் சுமந்தவை அவர்களுடைய ஒட்டகங்களே. 1884-இல் மாரீக்கு ரயில் வந்தபின், ரயில் நின்ற இடத்திலிருந்து அப்பால் எல்லாப் பாரமும் அவர்கள் கையில் இருந்தது. ஆனால் மாரீயில் இருப்புப்பாதைக்கு ஒரு புறம் வெள்ளையர் வீடுகள். மறுபுறம் இவர்கள் குடிசைகள்.

1901-இல் ஆஸ்திரேலியா ஒரே தேசமாய்ச் சேர்ந்தது. அந்த வருஷமே குடியேற்றத் தடைச் சட்டம் வந்தது. வருகிற அந்நியனுக்கு ஏதாவது ஓர் ஐரோப்பிய பாஷையில் ஐம்பது வார்த்தைகளைச் சொல்லி எழுதச் செய்து, தவறினால் திருப்பியனுப்பலாம். 1903-இல் வந்த மற்றொரு சட்டம், ஆசியாவில் பிறந்தவர்கள் பிரஜா உரிமை கேட்கவே முடியாதபடி செய்தது. இருபது முப்பது வருஷம் அந்நாட்டுக்குச் சோறு சுமந்தவர்கள் அந்நியராகவே நின்றார்கள். 1920-ஐ அடுத்த வருஷங்களில் மோட்டார் லாரி வந்தது. 1925-இல் தெற்கு ஆஸ்திரேலியா, தெருவில் திரியும் ஒட்டகங்களைச் சுட அனுமதிக்கும் சட்டம் இயற்றிற்று. பிள்ளைபோல் வளர்த்த பிராணியைச் சுட மனம் வராமல், பலர் அவற்றைப் பாலைவனத்தில் அவிழ்த்துவிட்டார்கள். அவற்றின் சந்ததி இன்று லட்சக்கணக்கில் திரிகிறது. ஆதிக்குடிகளின் நிலையோ இன்னும் கேவலம்: ஜனத்தொகைக் கணக்கில் அவர்களைச் சேர்க்கலாகாது என்ற அரசியல் சட்ட விதி 1967-இல்தான் நீங்கியது. வெள்ளையரை மட்டும் வரவேற்கும் கொள்கை 1973-இல்தான் முற்றிலும் கைவிடப்பட்டது.

தேசப் படத்தில் ஸ்டர்ட் பெயர் இருக்கிறது. ஸ்ட்ரெஸெலெக்கி பெயர் இருக்கிறது. வழியில் பாரம் சுமந்தவர்களுக்குக் கிடைத்தது, அந்த இருப்புப்பாதையில் ஓடிய ரயிலுக்கு ஜனங்கள் இட்ட 'கான்' என்ற பெயர்தான். 'ஆப்கான்' என்பதன் பாதி அது. பலருக்கு அந்த முழுப்பெயரே சொந்தமில்லை. பழைய வழியில் அந்த ரயிலும் 1980-இல் நின்றுவிட்டது.

முங்கரானியில் இரண்டு நாள்

திரும்பும்போது முங்கரானியை அடைந்தோம். தெற்கே வானம் கறுத்திருந்தது. இன்னும் 204 கிலோமீட்டர் போனால் மாரீ. தம்பியின் லீவு மறுநாளோடு முடிகிறது. "பாதை இன்னும் திறந்துதான் இருக்கிறது, அத்தான். இப்போது கிளம்பினால் இருட்டுவதற்குள் போய்விடலாம்" என்றான். அங்கே இருந்த இரண்டு இளைஞர்கள் அதே எண்ணத்துடன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். நாங்களும் சாவியைக் கையில் எடுத்தோம்.

விடுதிக்காரரிடம் கேட்டோம். அவர் போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. "பாதை இப்போது திறந்திருக்கிறது. மழை எப்போது வரும் என்று அதற்குத் தெரியாது" என்றார்.

அவன் அக்காதான் முடிவு சொன்னாள்: "தம்பி, ஒரு நாள் சம்பளம் போகும், அவ்வளவுதானே? இந்தச் சாலையில் நாம் அவசரப்பட்ட இரண்டு தடவையும் என்ன ஆயிற்று என்று பார்த்தாயே." தம்பி சாவியை மேஜைமேல் வைத்தான்.

அன்று மாலை மழை பெய்தது. நம்மூர்க் கணக்கில் அது மழையே அல்ல. திண்ணையை நனைக்கும் தூற்றல். ஆனால் காலையில் எழுந்து பாதையில் நடந்து பார்த்தோம். பத்தடி நடப்பதற்குள் செருப்பு ஒவ்வொன்றும் ஒரு படி களிமண்ணைச் சுமந்தது. முந்தின நாள் கல்லாய் இருந்த சாலை இன்று வெண்ணெய்! பாதை மூடப்பட்டதாக அறிவிப்பு வந்தது. இரண்டு நாள் அங்கேயே கழித்தோம். முன்னே போன இளைஞர்கள் ரேடியோவில் பேசினார்கள்: அறுபது கிலோமீட்டரில் அச்சு வரை புதைந்திருப்பதாகவும், உடம்புக்கு ஒன்றுமில்லை என்றும். "மண் காயும்வரை வண்டியை விட்டு இறங்கிப் போகாதீர்கள்" என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது.

மூன்றாம் நாள் பாதை திறந்ததும் கிளம்பினோம். அவர்கள் வண்டியைக் கண்டோம். இருவரும் சேற்றில் குளித்தாற்போல் இருந்தார்கள். ரொட்டி முந்தின நாளே தீர்ந்திருந்தது. எங்களிடமிருந்த அரிசியைப் பொங்கி ஊறுகாயுடன் கொடுத்தோம். பிறகு மூன்று மணி நேரம் மண்வெட்டியால் தோண்டி, புதர்க் கிளைகளைச் சக்கரத்தின் கீழ் இட்டு, கயிற்றைக் கட்டி இழுத்து வண்டியை வெளியே எடுத்தோம். அவர்கள் பையிலிருந்து பணத்தை எடுத்தார்கள். நாங்கள் வாய் திறப்பதற்குள் தம்பி சொன்னான்: "எங்களுக்கு வேண்டாம். இதே பாதையில் வேறு யாராவது நிற்பார்கள்."

மாரீயில் டயர்களுக்கு மறுபடி காற்று நிரப்பினோம். தம்பி கம்பெனிக்குத் தந்தி போல ஒரு செய்தி அனுப்பிவிட்டு எங்களுடன் நடந்து வந்தான். அந்த ஓலைக் கொட்டகையின் முன் இம்முறை சற்று அதிக நேரம் நின்றோம். தம் பெயரை எங்கும் எழுதாமல் போனவர்கள் அதன் கீழே எத்தனை நாள் மண்டியிட்டுத் தொழுதிருப்பார்கள்! பேரீச்ச மரங்கள் காற்றில் அசைந்தன. பெயர் எழுதாவிட்டாலும், வழியில் நிற்பவனுக்காக வண்டியை நிறுத்தும் அந்தப் பழக்கத்தில் அவர்களுக்கும், அவர்களுக்கு நீர் இருக்கும் இடம் காட்டிய ஆதிக்குடிகளுக்கும் பங்கு உண்டு என்று எங்களுக்குத் தோன்றிற்று. அந்தப் பாதைக்குத் தார் இல்லாத குறையை இன்றுவரை நிறைத்து வருவது அதுதான்.